உங்களுக்குத் தெரியுமா? ரசிகர் மாநாடும் சந்தாவும்

◆ அறிவியல் புனைகதை ரசிகர்களின் உலக மாநாடான வேர்ல்ட்கானுக்குப் பொதுவாக யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதில்லை. சந்தா கட்டி உறுப்பினர் ஆகிறார்கள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. மற்றபடி அரங்கில் உட்காருபவர், வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நிற்கும் தொண்டர், மேடையேறிப் பேசும் எழுத்தாளர் எல்லோரும் பெரும்பாலும் கைக்காசு போட்டுச் சேர்ந்தவர்கள்தான். நடத்துகிறவர்களும் ரசிகர்களே, சம்பளம் கிடையாது.

◆ அந்தச் சந்தாவில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி, உலக அறிவியல் புனைகதைச் சங்கத்தின் உறுப்பினர் ஆவது. அண்மை ஆண்டுகளில் இதற்கு ஏறக்குறைய 50 டாலர். 'ஆதரவு உறுப்பினர்' என்று முன்பு இதற்குப் பெயர். நேரில் போக விரும்பினால் அதன்மேல் வருகைக் கட்டணம் சேரும். அது முதல் படிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. மாநாடு நடக்கும் பல ஊர்களில் முதல் தடவை வருகிறவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சலுகை தருகிறார்கள். நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். ஆகவே போவது என்று தீர்மானித்துவிட்டவர்கள் சீக்கிரமே கட்டிவிடுவது நல்லது.

◆ மாநாட்டின் மிகப் பெரிய உரிமை அதன் மிக மலிவான சந்தாவிலேயே இருக்கிறது. அறிவியல் புனைகதை உலகம் பெரிதாக மதிக்கும் ஹூகோ விருதுக்குப் படைப்புகளைப் பரிந்துரைப்பதும், கடைசியில் வாக்களித்து வென்றவரைத் தீர்மானிப்பதும் இந்த உறுப்பினர்கள்தான். நடுவர் குழு என்று ஒன்று இல்லை. விமானம் ஏறிப் போனவரின் ஓட்டுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டவரின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. பிற மாநாடுகள் விற்கும் முன்வரிசை நாற்காலியையும் தனி ஓய்வறையையும்விட இந்த உரிமைதான் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

◆ ஹூகோ முதன்முதலில் 1953-இல் பிலடெல்பியா மாநாட்டில் வழங்கப்பட்டது. சிறந்த நாவல், ஆல்பிரட் பெஸ்டரின் 'தி டெமாலிஷ்ட் மேன்'. அடுத்த ஆண்டு விருது இல்லை. 1955 முதல் ஆண்டு தவறாமல் உண்டு.

◆ ஒரு முறை கட்டிய சந்தா இரண்டு ஆண்டுகள் பேசும். பரிந்துரை செய்யும் உரிமை நடப்பு ஆண்டு மாநாட்டின் உறுப்பினர்களோடு முந்தைய ஆண்டின் உறுப்பினர்களுக்கும் உண்டு. நடப்பு ஆண்டில் சேர்கிறவர்கள் ஜனவரி 31-க்குள் சேர்ந்திருக்க வேண்டும். இறுதி வாக்கு மட்டும் அந்தந்த ஆண்டின் உறுப்பினர்களுக்கே. பிப்ரவரியில் அவசரமாகப் பணம் கட்டிவிட்டுப் பரிந்துரைப் படிவத்தைத் தேடுகிறவர்கள் இந்தத் தேதியை முதலில் பார்க்க வேண்டும்.

◆ வாக்காளர்களுக்கு ஒரு புத்தகப் பொதியும் கிடைப்பது வழக்கம். இறுதிப் பட்டியலுக்கு வந்த நாவல்கள், குறுநாவல்கள், சிறுகதைகள் எனப் பலவும் மின்னூலாக வந்து சேரும். 2000-களின் பிற்பாதியில் எழுத்தாளர் ஜான் ஸ்கால்சி தொடங்கிவைத்த வழக்கம் இது. பணக் கணக்காக மட்டும் பார்த்தாலே கட்டிய சந்தாவைவிடப் புத்தகங்களின் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் இது பதிப்பகங்களின் நல்லெண்ணத்தால் கிடைப்பது. சந்தாவோடு வரும் உரிமை அன்று. சில நாவல்களில் சில அத்தியாயங்கள் மட்டுமே அனுப்பப்படுவதும் உண்டு.

◆ மாநாடு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதையும் உறுப்பினர்களே இரண்டு ஆண்டுகள் முன்னதாக வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தப் பணம் வீணாவதில்லை: எந்த ஊர் வென்றாலும் அந்த மாநாட்டின் அடிப்படை உறுப்பினர் ஆகிவிடுகிறீர்கள். வாக்கெடுப்பு நடக்கும் ஊரிலிருந்து 500 மைல் தொலைவுக்குள் இருக்கும் ஊர் போட்டியிட முடியாது. மாநாடு ஒரே வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான விதி.

◆ நேரில் வராத உறுப்பினர்களின் வாக்குக்கு எவ்வளவு வலிமை? 2021 டிசம்பரில் வாஷிங்டன் மாநாட்டில் எண்ணப்பட்ட ஊர்த் தேர்தலைப் பாருங்கள். சீனாவின் செங்டு 2,006 வாக்குகள்; கனடாவின் வினிபெக் 807. செங்டுவுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வாஷிங்டன் பக்கமே வராதவர்கள். 2023 அக்டோபரில், சாகா ஹாடித் நிறுவனம் வடிவமைத்த புத்தம் புதிய அறிவியல் புனைகதை அருங்காட்சியகத்தில் மாநாடு நடந்தது. அந்த ஆண்டு ஹூகோவில் ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' உள்ளிட்ட சில படைப்புகள் காரணம் சொல்லப்படாமல் 'தகுதியற்றவை' என்று ஒதுக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் புள்ளிவிவரங்கள் வெளிவந்தபோது ரசிகர் உலகமே கொதித்தது. சந்தா கட்டிப் போட்ட ஓட்டுக்கு என்ன ஆனது என்று கேட்க அந்த உறுப்பினர்களுக்கு முழு உரிமையும் இருந்தது.

◆ 2015-இல் 40 டாலர் ஆதரவுச் சந்தா ஒரு போராட்டக் களமாகவே மாறியது. 'நாய்க்குட்டிகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இரு குழுக்கள் ஆயத்தப் பட்டியல்களைக் கொடுத்துப் பரிந்துரைகளைக் குவித்தன. பல பிரிவுகளில் இறுதிப் பட்டியலையே கைப்பற்றின. அதை எதிர்த்து ஏராளமானோர் புதிதாகச் சந்தா கட்டினார்கள். அந்த ஆண்டு ஸ்போகேன் மாநாட்டில் அதுவரை இல்லாத அளவாக 5,950 வாக்குகள் வந்தன. ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்ற தேர்வே வென்றது. வாக்குச்சீட்டில் அப்படி ஒரு தேர்வு எப்போதும் உண்டு.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று என் மனத்துக்கு நெருக்கமானது. தன் நாவல் அந்தப் பட்டியல்களின் தயவால் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எழுத்தாளர் மார்க்கோ க்ளூஸ் தானே விலகிக்கொண்டார். காலியான இடத்துக்கு வந்தது சீன எழுத்தாளர் லியு சிசினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்'. ஆங்கிலத்தில் தந்தவர் கென் லியு. அதுவே விருதை வென்றது. சிறந்த நாவலுக்கான ஹூகோவை ஒரு மொழிபெயர்ப்பு பெற்றது அதுவே முதல் முறை.

◆ பட்டியல் போட்டுப் பிடிப்பதைக் கடினமாக்க 2017 முதல் பரிந்துரைகளை எண்ணும் முறையே மாறியது. இப்போது ஒருவர் ஒரு பிரிவில் ஐந்து படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். இறுதிப் பட்டியலில் ஆறு இடம். ஒரே மாதிரி நிரப்பப்பட்ட நூறு படிவங்களுக்கு முன்பு இருந்த பலம் இப்போது இல்லை.

◆ 2024 கிளாஸ்கோ மாநாட்டில் ஹூகோவுக்கு மொத்தம் 3,813 வாக்குகள் வந்தன. அவற்றில் 377 செல்லாதவை என்று மாநாட்டுக் குழு தானே முன்வந்து அறிவித்தது. குடும்பப் பெயரில் முதல் எழுத்து மட்டும் அகர வரிசையில் மாறிக்கொண்டே போகும் ஒரு தொகுதி. எண்களை வரிசையாக மொழிபெயர்த்துப் பெயராக வைத்த இன்னொரு தொகுதி. சொன்னபடி வாக்களித்தால் சந்தாப் பணத்தைத் திருப்பித் தருவதாக யாரோ ஏற்பாடு செய்திருந்ததாகவும் குழுவுக்குத் தகவல் வந்தது. செல்லாத வாக்குகளில் பல ஒரே படைப்பாளிக்குச் சாதகமாக விழுந்தவை. அந்தப் படைப்பாளிக்கு இதில் பங்கு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை என்று சொல்லி, பெயரை வெளியிடவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற விதியைக் காக்க அவர்கள் காட்டிய கண்டிப்பும், அந்தப் படைப்பாளியிடம் காட்டிய கண்ணியமும் பாராட்டத்தக்கவை.

◆ 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடிய முதல் வேர்ல்ட்கானுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். ரசிகர் குழுக்களுக்கு இடையே இருந்த பகையால் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் பிரடெரிக் போல். 1972 மாநாட்டின் சிறப்பு விருந்தினர் அவர். இன்னொருவர் டொனால்ட் வோல்ஹைம். அவருக்கு அந்த மரியாதை 1988-இல் கிடைத்தது.

அதே முதல் மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடையணிந்து வந்தார்கள். உடைகளைத் தைத்தவர் மிர்ட்டில். இன்றைய 'காஸ்ப்ளே'யின் முன்னோடிகள் இவர்கள்.

◆ இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1956 நியூயார்க் மாநாட்டின் சிறப்பு விருந்தினர். அவருடைய 'தி ஸ்டார்' சிறந்த சிறுகதைக்கான ஹூகோவைப் பெற்றதும் அங்கேதான். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்தில் வைத்து அவர் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' 1980-இல் சிறந்த நாவலுக்கான ஹூகோவை வென்றது. 2024 இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் நாவல்.

◆ ஒரு மாநாட்டைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர முயல்கிறவர்கள், ஊர் தேர்வாகும் முன்பே 'முன் ஆதரவு' என்று சிறு தொகை வாங்குகிறார்கள். அதற்கு மேலே 'நண்பர்' என்று ஒரு படி: அதைக் கட்டி, ஊர்த் தேர்தலிலும் வாக்களித்து, அந்த ஊர் வென்றுவிட்டால் நேரில் வரும் உரிமை தானாகவே கிடைத்துவிடும். சில ஊர்கள் 'முன் எதிர்ப்பு'ச் சந்தாவும் விற்றிருக்கின்றன. எங்கள் ஊருக்கு மாநாடு வேண்டாம் என்பவரிடமும் காசு வாங்கிச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள்!

◆ எல்லா மாநாடும் இப்படி அன்று. சான் டியேகோ காமிக்-கான் 1970-இல் யு.எஸ். கிராண்ட் ஓட்டலில் சுமார் 300 பேருடன் தொடங்கியது. இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். அங்கே கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் சொகுசுப் படி எதுவும் இல்லை. எந்த நாள், புதன்கிழமை மாலை முன்னோட்டம் சேருமா சேராதா என்பது மட்டுமே தேர்வு. முந்தைய ஆண்டு வந்தவர்களுக்கு முதலில் ஒரு வாய்ப்பு, பிறகு மற்றவர்களுக்கு. இணையக் காத்திருப்பறையில் யாருக்கு முதலில் கதவு திறக்கும் என்பது குலுக்கல் போலத்தான். கழுத்தில் அட்டை தொங்கினாலும் புகழ்பெற்ற 'ஹால் எச்' அரங்கில் இடம் உறுதி கிடையாது. அங்கே சுமார் 6,500 இருக்கைகள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்யச் சொல்வதில்லை. எனவே மாலை நிகழ்ச்சிக்காகக் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய.

◆ சொகுசுப் படிகளை வெளிப்படையாக விற்கும் மாநாடுகளும் உண்டு. ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷனின் 'ஜெடை மாஸ்டர்' அட்டை விற்பனை தொடங்கியதும் தீர்ந்துவிடும். ஒதுக்கிய இருக்கை, முன்கூட்டியே நுழைவு, தனி ஓய்வறை, வெளியில் கிடைக்காத நினைவுப் பொருட்கள் அதில் அடக்கம். நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒதுக்கிய இருக்கை உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பணம் கட்டும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: கையொப்பமும் புகைப்படமும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனிக் கட்டணமா? பல மாநாடுகளில் தனிக் கட்டணம்தான். விருந்தினர் வராமல் போனால் எது திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

◆ 2014 ஜூலையில் அமெரிக்காவின் ஷாம்பர்க்கில் நடந்த டாஷ்கான் என்ற ரசிகர் மாநாட்டில், முதல் நாள் இரவே ஓட்டலுக்குக் கட்ட வேண்டிய 17,000 டாலரை அரங்கில் இருந்த ரசிகர்களிடமே திரட்டினார்கள். பெரும்பாலும் இளவயது ரசிகர்கள், கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். முக்கிய நிகழ்ச்சி ரத்தானபோது, ஒதுக்கிய இருக்கைக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு ஈடாகத் தரப்பட்டவற்றில் ஒன்று, பிளாஸ்டிக் பந்துத் தொட்டியில் கூடுதலாக ஒரு மணி நேரம். முதல் முறையாக நடக்கும் மாநாட்டில் உயர்ந்த படிச் சந்தா வாங்கும் முன், நடத்துகிறவர்கள் யார், முன்பு எதை நடத்தியிருக்கிறார்கள் என்று விசாரிப்பது அவசியம்.

◆ டோக்கியோவின் காமிக்ஸ் சந்தையான காமிக்கெட் 1975 டிசம்பர் 21 அன்று 32 குழுக்களுடனும் சுமார் 700 பேருடனும் தொடங்கியது. பல பத்தாண்டுகள் பொது நுழைவுக்குக் கட்டணமே இல்லை. விற்பவர், வாங்குபவர், தொண்டர் மூவரையும் 'பங்கேற்பாளர்' என்றே அழைப்பது அவர்கள் வழக்கம்; அங்கே வாடிக்கையாளர் என்று ஒருவர் கிடையாது. 2019 கோடையில்தான் காசு கொடுத்து வாங்கும் கைப்பட்டை பொது நுழைவுக்குக் கட்டாயமானது. அதற்குப் பின் முன்நேர நுழைவு, பிற்பகல் நுழைவு என்று சீட்டுகளும் பிரிந்தன.

◆ வேர்ல்ட்கானுக்கு நேரில் போகும் உறுப்பினர் எவரும் சங்கத்தின் அலுவல் கூட்டத்தில் பேசலாம், திருத்தம் கொண்டுவரலாம். ஒரு விதி மாற வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுக் கூட்டங்களிலும் அது நிறைவேற வேண்டும். ஓர் ஆண்டின் கோபத்தில் யாரும் எதையும் மாற்றிவிட முடியாது.

◆ ஹூகோவுக்கு மொழித் தடை இல்லை. எந்த மொழியில் வெளியான படைப்பும் அது வெளியான ஆண்டுக்குத் தகுதி பெறும். ஆங்கிலத்தில் முதன்முதலாக மொழிபெயர்க்கப்பட்டு வரும்போது அந்த ஆண்டுக்கு இன்னொரு முறையும் தகுதி பெறும். தமிழில் எழுதப்பட்ட ஓர் அறிவியல் புனைகதை நாவலை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருக்கும் ஓர் அடிப்படை உறுப்பினர் தன் படிவத்தில் முதல் பெயராக எழுதலாம். விதிகள் அதற்கு இடம் தருகின்றன.