நீரூற்று நின்ற நாள்

நவம்பர் 14 என்றால் நமக்கு நேரு மாமா பிறந்த நாள், குழந்தைகள் தினம். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தபோது, மேற்கு வர்ஜீனியாவில் ஹண்டிங்டன் என்ற ஊரில் அதே தேதியை வேறு விதமாகப் பார்த்தேன்.

பேரனுக்கு அப்போது இரண்டு மாசம். மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சமையலறைக்கு வந்து, "அத்தை, ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வரலாமா? ஸ்வெட்டர் போட்டுக்குங்க" என்றார். மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார். நடுமுற்றத்தில் 13 அடிக்கும் மேல் உயரமான ஒரு நீரூற்று. சுற்றிலும் கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். மொத்தம் 75 பெயர்கள்.

"யாருப்பா இவங்கல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலேஜ் ஃபுட்பால் டீம், அத்தை."

அந்த ஊர் ஃபுட்பால் நம்முடையது போல் அல்ல. பந்து முட்டை வடிவம். கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே பாய்ந்து சாய்ப்பார்கள். பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்கும்! ஆனால் அங்கே அதுதான் ஊர்த் திருவிழா.

1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் ஆடிய பந்தயத்தில் 17-14 என்று தோற்றுவிட்டு, மார்ஷல் அணி விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மழை, மூடுபனி. விமான நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் விமானம் குன்றின் மரங்களில் மோதி எரிந்துபோயிற்று. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் 37 பேர். பயிற்சியாளர்கள், கல்லூரி ஊழியர்கள், விமானச் சிப்பந்திகள் போக, அணியை உற்சாகப்படுத்தப் போன ஊர்ப் பெரியவர்களும் அதில் இருந்தார்கள். பலர் தம்பதியாகப் போயிருந்தார்கள். 70 குழந்தைகள் தாயையோ தகப்பனையோ இழந்தார்கள். 18 குழந்தைகளுக்கு இருவருமே இல்லாமல் போனார்கள்.

இந்தப் பதினெட்டு என்ற எண்தான் என்னை விடவே இல்லை. பக்கத்து வீட்டிலோ, பாட்டியிடமோ விட்டுவிட்டு, "சீக்கிரம் வந்துடுவோம், சமர்த்தா இரு" என்று சொல்லிவிட்டுத்தானே போயிருப்பார்கள்? அந்தக் குழந்தைகளைத் தூங்க வைத்தவர்கள் மறுநாள் காலையில் என்ன சொல்லி எழுப்பியிருப்பார்கள்? ஆறு ஆட்டக்காரர்களின் உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை. ஊர்க் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம்.

நானாக இருந்தால் இனி இந்தக் கல்லூரியில் பந்தே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நிர்வாகத்துக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் காயம் காரணமாக அன்று போகாமல் தங்கிவிட்ட நேட் ரஃபின் என்ற மாணவரும் மற்றவர்களும், ஆட்டம் தொடரத்தான் வேண்டும் என்று நின்றார்கள். முதலில் எனக்கு இது பிடிபடவில்லை. நம் வீடுகளில் துக்கம் நடந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுபடி வழக்கமான அடுப்பு எரிகிறதல்லவா? அதுபோலத்தானோ என்று பிறகு தோன்றிற்று.

ஜாக் லெங்கியல் என்பவர் புதுப் பயிற்சியாளராக வந்தார். ஆட்கள்? அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்று விதி. மார்ஷலுக்காக அதைத் தளர்த்தினார்கள். நம் ஊர் மாதிரிக் கால்பந்து ஆடிய ஒரு பையன் பந்தை உதைக்க வந்தான். பள்ளி முடித்து வந்த 18 வயசுப் பிள்ளைகளை நம்பி அணி கட்டினார்கள். போன வருஷம் இறந்த பிள்ளைகளின் இடத்தில் ஆட, தன் மகனைப் பெட்டி கட்டி அனுப்பிய தாய்மார்களுக்குத்தான் நெஞ்சுரம் என்பேன். அன்று காரில் திரும்பியதால் உயிர் தப்பிய ரெட் டாசன் என்ற துணைப் பயிற்சியாளர், அந்த ஒரு வருஷம் மட்டும் கூட இருந்துவிட்டு விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1971-இல் முதல் பந்தயம் 29-6 என்று தோல்வி. செப்டம்பர் 25-இல் சொந்த ஊரில், சேவியர் கல்லூரியோடு ஆட்டம். கடைசி நொடிகளில் 13-9 என்று பின்தங்கியிருந்தார்கள். ரெஜி ஆலிவர் வீசிய பந்தை, டெர்ரி கார்ட்னர் என்ற முதலாண்டுப் பையன் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் ஓடினான். கடிகாரம் நின்றுவிட்டது. 15-13! ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் வெகு நேரம் கலையவில்லையாம்.

அந்த வருஷம் ஜெயித்தது இரண்டு ஆட்டம், தோற்றது எட்டு. தோல்வியைவிட வெற்றி அதிகம் என்ற ஒரு வருஷம் வருவதற்கு 1984 ஆயிற்று. 1992-இல் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியனும் ஆனார்கள். மாப்பிள்ளை அதைத்தான் பெருமையாகச் சொன்னார். எனக்கென்னவோ அந்த இரண்டு-எட்டுதான் மனசில் தங்கிற்று.

கடைசிப் பெயரும் வாசித்தாயிற்று. பூக்களை வைத்தார்கள். பிறகு நீரூற்றை நிறுத்தினார்கள். இத்தனை நேரம் சலசலத்துக்கொண்டிருந்தது நின்றதும், எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்குவதுகூடக் கேட்டது.

"மறுபடி எப்பப்பா திறப்பாங்க?"

"வசந்த காலத்துலதான், அத்தை."

அதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டேன். "கை ஜில்லுன்னு இருக்கும்மா, முதல்ல கழுவிட்டு வா" என்று மகள் அதட்டினாள்.