ஆங்கிலம்: மனப்பாடமா, வாசிப்பா?

மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது நம் இல்லங்களில் எழுகின்ற முதற் கேள்வி, "இங்கிலீஷில் எத்தனை?" என்பதாகவே இருக்கிறது. மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை ஆங்கிலத்தில் 35ஐ எட்டாமல் நின்றுவிட்டால் வீட்டின் மகிழ்ச்சியே குன்றிவிடுகிறது. மகன் என்றால் "ஏதாவது கடையில் சேர்த்துவிடலாம்" என்பார்கள். மகள் என்றாலோ, "படித்தது போதும்" என்ற சொல் உடனே வந்து விழுந்துவிடும். துணைத்தேர்வு எழுதிக் கரையேற வேண்டிய பிள்ளையின் கல்வி அத்துடன் முடிந்துபோவதும் உண்டு.

தவறியவர்களின் நிலை இதுவென்றால், தேறியவர்களின் நிலையும் நாம் நிம்மதி கொள்ளத்தக்கதாக இல்லை. ஆங்கிலத்தில் 70 மதிப்பெண் வாங்கிய மாணவன் ஒருவனிடம், அவன் முன்பு பார்த்திராத எளிய ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பலர் இரண்டாம் வரியிலேயே திணறுவர். தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தவர்களுள்ளும், அதில் சொல்லப்பட்டது என்னவென்று தமிழில் எடுத்துரைப்போர் சிலராகவே இருப்பர். இத்தகைய பிள்ளைதான் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் ஆங்கில விரிவுரையின் முன் வாயடைத்து அமர்ந்திருக்கிறான். அயல்நாட்டு வேலைக்கான ஒப்பந்தத் தாளில், உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் கையொப்பமிடுகிறவனும் அவனே.

நோய் எங்கே இருக்கிறது?

பாடத்திட்டம் சரியில்லை என்பது பலரும் கூறும் காரணம். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு தொடங்கிப் புதிய பாடநூல்கள் வந்துவிட்டன. பத்தாம் வகுப்பில் இரண்டாக இருந்த மொழித் தாள்கள் ஒன்றாக்கப்படும் என்ற அறிவிப்பும் 2019இல் வெளியாயிற்று. இவ்வாறு நூலும் மாறித் தேர்வும் மாறிய பின்னரும், படிக்கும் முறையில் பெரிய மாற்றம் இல்லை. கைடு ஒன்றை வாங்கி, அதிலுள்ள விடைகளைப் பொருள் அறியாமலேயே மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் இறக்கிவைப்பதே இன்றும் பல பிள்ளைகளின் வழக்கமாக இருக்கிறது.

பிள்ளைகள் மனப்பாடத்தை ஏன் நாடுகிறார்கள்? சோம்பலால் அன்று. வாசிக்கத் தெரியாதவனுக்கு வேறு வழியில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வருகின்ற பிள்ளைகள் பலருக்கு ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் தெரியும். அவற்றின் ஒலிகள் தெரியா. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படியன்று. சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் 'கேட்' என்ற சொல் கிடைக்காது. பி, யு, டி 'புட்' ஆகிறது. சி, யு, டி 'கட்' ஆகிறது. எழுத்துகள் 26 தான். அவை தருகின்ற ஒலிகளோ ஏறத்தாழ 44. இந்த முடிச்சைத் தொடக்க வகுப்பிலேயே அவிழ்த்துவிடாததால், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு படம்போல் ஆகிவிடுகிறது. பார்த்த படம் நினைவிருந்தால் சொல்கிறான். புதிய படம் வந்தால் விழிக்கிறான்.

ஆதலால் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது, அவனை வாசிக்கச் செய்து கேட்பதுதான். எழுத்தொலியில் இடறுகிறானா, சொல்லின் பொருளில் இடறுகிறானா, வாக்கிய அமைப்பில் இடறுகிறானா என்று கண்டறியாமல் இலக்கண விதிகளை ஏற்றுவதால் பயன் விளையாது.

ஓதும் பிள்ளை தரும் பாடம்

நம் இல்லத்துப் பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதிலேயே அரபு எழுத்துகளைக் கற்றுக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய வீட்டு மொழியன்று. வலமிருந்து இடமாகச் செல்வது. சேரும் இடத்திற்கேற்ப எழுத்தின் வடிவம் மாறுவது. இருந்தும் இரண்டொரு ஆண்டுகளில் பிழையின்றி ஓதுகிறார்கள். இதன் இரகசியம் என்ன? எழுத்து, பிறகு குறி, பிறகு கூட்டெழுத்து, பிறகு சொல் என்ற படிமுறை ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் தன் சபக்கை உஸ்தாதின் முன் அமர்ந்து தனியாக ஓதிக் காட்டுவது மற்றொன்று. பிழை வந்த இடத்திலேயே அது திருத்தப்படுகிறது.

பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பில் இந்த இரண்டாவது வாய்ப்புத்தான் இல்லை. ஆண்டு முழுவதும் தன் குரலில் ஒரு பக்கம்கூட வாசித்துக் காட்டாமலேயே ஒரு மாணவன் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட முடிகிறது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. எழுத்தைக் கூட்டி ஒலிக்கத் தெரிவதாலேயே பொருள் விளங்கிவிடுவதில்லை. இதையும் நம் பிள்ளைகளிடமே நாம் காண்கிறோம். ஒலிக்கும் திறன் வாயிற்படி. பொருள் உணர்தலே உள்ளே நுழைதல். ஆங்கிலத்திற்கு இரண்டும் வேண்டும்.

ஃபிஜித் தீவுகளில் நடந்த சோதனை

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளில் 1980ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை நடைபெற்றது. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற ஆய்வாளர் இருவர் அதனை நடத்தினர். அங்கும் ஆங்கிலம் பிள்ளைகளின் வீட்டு மொழியன்று. நூல்கள் அரிதாயிருந்த எட்டுக் கிராமப் பள்ளிகளில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 380 பேருக்குப் படங்களுடன் கூடிய ஆங்கிலக் கதை நூல்கள் 250 வழங்கப்பட்டன. சில வகுப்புகளில் பிள்ளைகள் நாள்தோறும் அமைதியாகத் தாமே வாசித்தனர். வேறு வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்துக் கதையைப் பற்றிப் பேசினர். வேறு நான்கு பள்ளிகளில் வழக்கமான இலக்கணப் பயிற்சிப் பாடமே தொடர்ந்தது.

எட்டு மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, கதை நூல்களை வாசித்த பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப் போல் இருமடங்கு முன்னேறியிருந்தனர். இருபது மாதங்களில் அந்த முன்னேற்றம் மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியிருந்தது. அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்பது உண்மை. ஆனால் கதை நூல் ஒன்றைக்கூடக் கையில் எடுத்திராமல் நம் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகின்ற பிள்ளையும் வாசிப்பில் அதே படியில்தானே நிற்கிறான்!

எத்தனை சொற்கள் வேண்டும்?

எத்தகைய நூலைக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் துன்பப்படுவதை 1920களில் ஆராய்ந்தார். நூலின் ஒவ்வொரு வரியிலும் புதிய சொற்கள் வந்து குவிவதே தடை என்று கண்டு, புதுச்சொற்களைக் குறைத்து, வந்த சொற்களே திரும்பத் திரும்ப வருமாறு வாசிப்பு நூல்களை அமைத்தார். பின்னர் 1953இல் மிகவும் பயன்படும் சொற்கள் ஏறத்தாழ 2,000 கொண்ட பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். சாதாரண ஆங்கில நூலொன்றில் வருகின்ற சொற்களில் பத்துக்கு எட்டு இந்த 2,000க்குள் அடங்கிவிடும் என்பர்.

நாளொன்றுக்கு இரண்டு சொற்கள் என்று ஆறாம் வகுப்பில் தொடங்கினால், மூன்று ஆண்டுகளில் 2,190 சொற்கள் சேர்ந்துவிடும். எட்டாம் வகுப்பு முடியும்போது பிள்ளையின் கையில் இச்செல்வம் இருக்கும். இதற்கு டியூஷன் கட்டணம் எதுவும் தேவையில்லை. ஒரு சிறு குறிப்பேடு போதும். ஆனால் சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்துடன் எழுதிவைக்க வேண்டும்.

நூலின் தரத்தை அறிய எளிய வழியொன்று உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வருந்தோறும் பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் இப்போதைக்கு வேண்டா. ஒன்பதாம் வகுப்பு மாணவன் மூன்றாம் வகுப்புத் தரத்துக் கதையைப் படிப்பது இழிவன்று. படிக்கட்டின் நடுவில் தாவி ஏற முயல்வதே விழுவதற்கு வழி.

வகுப்பறையில் இயலுமா?

"நாற்பது பேரை வைத்துக்கொண்டு தனித்தனியே எப்படிக் கேட்பது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதன்பின் பாடம் நடத்த நேரமே இராது. ஆனால் மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பின்தொடருமாறு செய்தால், ஒரே வேளையில் இருபது பேர் வாசிப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து முறை மாறும். பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் வாசித்துவிடும். ஆசிரியர் நாளொன்றுக்கு நான்கு பேர் அருகில் சென்று கேட்டாலும், பத்து நாட்களில் அனைவரையும் கேட்டுவிடலாம்.

எழுதுவதிலும் அவ்வாறே. கைடில் உள்ள கட்டுரையைப் பார்த்து எழுதுவதைவிட, அன்று நடந்த ஒன்றைப் பற்றிச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதுவது மேல். பிழைகள் மலிந்திருந்தாலும் தாள் முழுவதும் சிவப்பு மையால் நிரப்பிவிட வேண்டா. இந்த வாரம் கால வினை, அடுத்த வாரம் ஒருமை பன்மை என்று ஒன்றை மட்டும் திருத்தினால் பிள்ளையின் மனம் சோர்ந்துபோகாது.

இல்லத்தின் பங்கு

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே!" என்று தாய்மார்கள் கூறுவதுண்டு. கேட்பதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் பதினைந்து நிமிடம் பிள்ளையை அருகில் அமர்த்தி, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும், "கதை என்ன, தமிழில் சொல்" என்று கேளுங்கள். எங்கே திக்குகிறான், எதை விட்டுவிடுகிறான் என்பது உம்மாவின் காதுக்குத் தெரியாமலிராது. அத்தா வெளிநாட்டிலிருந்தால் தொலைபேசியில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

நூல்கள் விலை அதிகம் என்று எண்ண வேண்டியதில்லை. 1957இல் ஓவியர் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் எளிய ஆங்கிலக் கதைகளை வெளியிட்டு வந்திருக்கிறது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு படித்தரங்களாகப் பிரிக்கப்பட்ட கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்கலாம். ஜமாஅத்தார் தெருவுக்கு ஓர் அலமாரி வைத்து ஐம்பது கதை நூல்களை வாங்கி அடுக்கினால், அது நிலைத்த உதவியாகும்.

ஆங்கிலம் வளர வேண்டுமென்று தமிழைக் கைவிடுவதும் தவறு. ஒரு மொழியில் ஊன்றி வாசிக்கக் கற்றவனின் திறன் மறு மொழிக்கும் துணைவருகிறது என்பதை ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979இல் எடுத்துரைத்தார். தமிழில் ஒரு பத்தியின் கருத்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை, ஆங்கிலப் பத்தியின் கருத்தை மட்டும் எங்ஙனம் பிடிப்பான்? பெருந்தொகை கொடுத்து ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டதனாலேயே கடமை முடிந்தது என்று இருந்துவிடும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. மதிப்பெண்ணைக் கேட்பதற்குமுன், இன்று மாலை பிள்ளை ஒரு பக்கம் வாசிப்பதைக் கேளுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் நாள்தோறும் தொடருமானால், இன்ஷா அல்லாஹ், மதிப்பெண்ணும் தானாகவே பின்னால் வரும்.