பிள்ளை பெற்ற வயிறும் தண்ணீர்க் குடமும்

பிள்ளை பிறந்து மூன்று, நான்கு மாதமாகியும் வயிறு வற்றவில்லை என்று கவலைப்படும் தாய்மார் பலர். படுக்கையை விட்டு எழும்பும்போது வயிற்றின் நடுவே வரம்புபோல ஒரு மேடு தோன்றுகிறது. "இன்னொன்று வயிற்றிலோ?" என்று அயலவர் கேட்கின்றனர். சிலர் வாயு என்று எண்ணிக் குடிநீர் காய்ச்சிக் குடிக்கின்றனர். சிலர் வெட்கத்தால் எவருக்கும் சொல்வதில்லை. இது என்ன, இதற்கு என்ன செய்யலாம் என்பதைத் தாய்மார் மட்டுமன்றிக் குடும்பத்திலுள்ள அனைவரும் அறிந்திருப்பது அவசியம் எனக் கருதுகிறோம்.

நடப்பது என்ன?

வயிற்றின் முன்புறத்தில், நெஞ்செலும்பின் அடியிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை இரண்டு தசைப்பட்டைகள் பக்கம் பக்கமாக உள்ளன. நடுவில் ஒரு வெண்ணிற நார்ச்சவ்வு அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது. கருப்பை வளர வளர இச்சவ்வு இளகி அகலும், தசைகளும் விலகும். பிள்ளைக்கு இடம் கொடுப்பதற்காக உடல் செய்யும் ஏற்பாடு இது. தசை கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. பிரசவத்தின் பின் முதல் இரண்டு மாதங்களில் இந்த இடைவெளி விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் குறுகும். சிலருக்கு முழுமையாகக் குறுகுவதில்லை.

நோர்வே நாட்டில் முதற் பிள்ளை பெற்ற 300 தாய்மாரிடம் செய்த ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டில் வெளியானது. பிரசவித்து 6 வாரத்தில் 100க்கு 60 பேரிடம் இந்த இடைவெளி இருந்தது. ஓராண்டின் பின்னரும் 100க்கு ஏறக்குறைய 33 பேரிடம் இருந்தது. வாரத்தில் 20 தடவை அல்லது அதற்கு மேல் பாரம் தூக்கிய தாய்மாரிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது.

இந்த 20 தடவை என்ற கணக்கை நமது தாய்மாருடைய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு மூன்று குடம் தண்ணீர் எடுத்தாலே வாரத்துக்கு 21 தடவையாகிறது. 10 லீற்றர் தண்ணீரின் நிறை 10 கிலோ; 20 லீற்றர் கான் என்றால் 20 கிலோ. விறகுக்கட்டும் நிவாரணச் சாக்கும் இக்கணக்கில் சேரவில்லை.

ஊரில் இருந்தபோது துடக்கு நாட்கள் 31உம் தாயும் மாமியும் சகோதரிகளும் வேலைகளைப் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவள் கிணற்றடிக்குப் போகவில்லை. அந்த வழக்கத்தின் பயன் ஓய்வுதான். இடம்பெயர்வில் குடும்பங்கள் சிதறியதால் இந்த ஓய்வு இல்லாமற் போயிற்று. 1995 ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபோதும், 2009இல் செட்டிகுளம் முகாம்களிலும் பச்சைப் பிள்ளைத் தாய்மார் தண்ணீர் வரிசையில் நின்றனர். புதிதாக அணைத்த வரம்பு இறுகும் முன் நாம் அதன்மேல் தண்ணீர் பாய விடுவதில்லை. அந்தப் பொறுமை வயிற்றுக்கும் தேவை.

நீங்களே பார்க்கும் முறை

பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடியுங்கள். விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். தலையையும் தோளையும் மெல்ல உயர்த்துங்கள். இரு தசைகளுக்கும் இடையே எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் இடைவெளி உண்டு என்று கொள்ளலாம். பிரசவித்து ஆறு வாரத்தின் பின் பார்ப்பது நல்லது.

செய்யக்கூடிய பயிற்சிகள்

சுகப் பிரசவமாயின் முதல் இரண்டு பயிற்சிகளையும் சில நாட்களிலேயே தொடங்கலாம். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள் வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

1. முழங்கால்களை மடித்துப் படுத்து மூக்கால் மூச்சை இழுங்கள். மூச்சை மெதுவாக விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் உள்ளே இழுங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். பத்துத் தடவை செய்யலாம்.

2. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். இதுவும் பத்துத் தடவை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

3. சில வாரங்களின் பின், அதே நிலையில் படுத்து, மூச்சை விட்டபடி ஒரு குதிக்காலைப் பாயின்மேல் மெல்ல வழுக்கி நீட்டி, மீண்டும் மடியுங்கள். பின்னர் மற்றக் கால்.

பயிற்சி செய்கையில் நடுவயிற்றில் மேடு எழும்பினால் அது உங்களுக்கு இன்னும் பாரமானது என்று அறிந்து நிறுத்துங்கள். மல்லாந்து படுத்து எழும்பி இருப்பதும், இரு கால்களையும் ஒன்றாகத் தூக்குவதும் ஆரம்ப மாதங்களில் கூடாது. வயிறு விரைவில் வற்றும் என்று இவற்றைச் செய்து மேட்டைப் பெருப்பிப்போர் உளர்.

வயிற்றைச் சேலையால் கட்டுவது எழுந்து நடக்கும்போது தாங்கலாக இருக்கும். ஆனால் கட்டு மட்டும் தசைக்குப் பலம் தராது. மூச்சு முட்டக் கட்டினால் பாரம் அடிவயிற்றுக்கு இறங்கும்.

அன்றாட வேலையில்

எழும்பும்போது முதலில் பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். இருமும்போது வயிற்றைக் கையால் அணைத்துக் கொள்ளுங்கள். முக்கி மலங் கழிக்க நேராதபடி தண்ணீரும் கீரையும் போதிய அளவு சேருங்கள். முதல் ஆறு வாரமும் பிள்ளையின் நிறையை விடக் கூடிய எதையும் தூக்காதிருப்பது நல்லது. அதன் பின்னர் 5 லீற்றர் பாத்திரத்தோடு தொடங்கலாம். குந்தி, சுமையை உடலோடு அணைத்து, மூச்சை விட்டபடி தூக்குங்கள். நாற்று நடுதலும் களை பிடுங்குதலும் தொடங்கும்போது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து இளைப்பாறுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

வயிற்று மேடு கட்டியாகி, நோவெடுத்து, அமத்தினாலும் உள்ளே போகாதிருந்தால், அல்லது அதோடு வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கடும் இரத்தப்போக்கு, காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல் என்பனவும் தாமதிக்கக் கூடாதவை. இடம் மாறி வந்தோர் அப்பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடம் உடனே பதியுங்கள். கர்ப்பிணிப் பதிவு அட்டையையும் காட்டுங்கள். பிரசவித்த தாயை வீட்டுக்கு வந்து பார்ப்பது அவருடைய கடமை. சிறுநீர் தானாகக் கசிந்தாலும் அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறர் சுமையைத் தாங்குவது பற்றி ஆலயத்தில் கேட்கிறோம். அது தண்ணீர்க் குடத்துக்கும் பொருந்தும். அந்த ஆறு வாரமும் குடத்தையும் விறகையும் ஆண்கள் எடுக்கட்டும். ஆண் துணையில்லாத தாய்க்கு அயல் வீடுகளும் மாதர் சங்கமும் முறைவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஒரு கிராமத்தில் ஒரே நேரத்தில் பச்சைப் பிள்ளைத் தாய்மார் இரண்டு, மூன்று பேரே இருப்பர். பங்கிட்டால் எவருக்கும் பெரிய பாரமில்லை.

இதை வாசிக்க இயலாத தாய்மாருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.