இடைவிட்ட செயலித் தொழில்

கைத்தொலைபேசியிற் குறித்ததொரு வேலையைச் செய்தற்பொருட்டு இயற்றப்படும் மென்பொருளைச் செயலி என்கிறோம். நம் பழைய மாணவருள் சிலர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் முன் இத்தொழிலிற் கைவைத்து, இலக்கணப் பயிற்சியென்றும் புலமைப்பரிசில் வினாவிடையென்றும் சிறு செயலிகள் செய்து, பின்னர் உத்தியோகம் குடும்பம் என்பவற்றால் அதனை விட்டவர்கள். அவர்கள் மீளவும் இதனைத் தொடுதல் கூடுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. வினா அவர்களை மட்டும் பற்றியதன்று. பழைய அன்ட்ரொயிட் பதிப்பையே குறியாகக் கொண்டு நெடுநாள் புதுப்பிக்கப்படாத செயலி, புதிய கைபேசி வாங்கியவர்க்குக் கூகிள் கடையிற் காட்டப்படுவதில்லை. அண்ணன் படித்த செயலி தம்பிக்குக் கிட்டாது என்பதே இதன் பொருள்.

மீள வருபவரை முதலில் மலைக்கச் செய்வன கருவிகளின் பெயர்கள். எக்லிப்ஸ் இருந்தவிடத்தில் 2014 டிசெம்பரில் முழுவுருப்பெற்ற அன்ட்ரொயிட் ஸ்டூடியோ உளது. ஜாவாவுக்குத் துணையாக 2017இல் ஏற்கப்பட்ட கொட்லின் மொழி, 2019 முதல் முன்னுரிமை பெற்றது. அப்பிள் நிறுவனத்தார் 2014இல் சுவிஃப்ட் மொழியை வெளியிட்டனர். 2017இல் வந்த அவர்தம் பதினோராம் பதிப்போடு பழைய 32 பிட் செயலிகள் இயங்காதொழிந்தன. இவற்றுக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஜாவா தள்ளப்படவில்லை, ஒரே செயலியுள் ஜாவாவும் கொட்லினும் அருகருகே இருக்கலாமாதலின், பழையதை முற்றாக அழித்தெழுதாது சிறிது சிறிதாக மாற்றலாம்.

உண்மையான மாற்றம் திரையமைப்பிலேயே உளது. மாணவன் பெற்ற புள்ளி ஏழிலிருந்து எட்டாயிற்று எனக் கொள்வோம். முன்னர், அப்புள்ளி நிற்குமிடத்தைத் தேடி அதனை எட்டென மாற்றுக என்று நாமே கட்டளையிட வேண்டும். அப்பிளின் சுவிஃப்ட்யூஐ (2019), கூகிளின் ஜெட்பக் கொம்போஸ் (2021) ஆகியவற்றில், புள்ளி எதுவோ அதனை இங்கே காட்டுக என்று ஒருமுறை விதித்தால் அமையும். புள்ளி மாறத் திரை தானே மாறும். பழகியவர்க்கு இதுவே எளிது. பழைய முறையில் ஊறியவர்க்குச் சில கிழமைகள் தடுமாற்றமுண்டு.

எனினும், புதுமொழி கற்கப் புகுமுன் செய்யவேண்டியது வேறொன்று. பழைய கணினியைத் திறந்து சாவிக் கோப்பைத் தேடுக. ஒவ்வொரு செயலியும் இயற்றியவரது மறைச்சாவியால் ஒப்பமிடப்பட்டே வெளிவருகின்றது; திருத்தப் பதிப்பும் அதே ஒப்பத்தோடு வந்தாலன்றிக் கைபேசி அதனை ஏற்காது. 2017 முதல் அச்சாவியைக் கூகிளே காக்கும் ஏற்பாடு உண்டு. அதிற் சேர்ந்தவர் தம்மிடமுள்ள பதிவேற்றச் சாவியை இழந்தாலும் வேறொன்றுக்கு விண்ணப்பிக்கலாம். சேராதிருந்து இழந்தவர் அச்செயலியைப் புதிய அடையாளத்தோடு வேறொன்றாகவே வெளியிடல் வேண்டும். பழையதைப் பெற்றோரிடம் திருத்தம் போய்ச் சேராது. மொழியை ஆறு மாதத்திற் கற்கலாம். இழந்த சாவியை ஆறு ஆண்டிலும் ஆக்க முடியாது.

அடுத்தது எழுத்து. தமிழாசிரியன் என்ற உரிமையால் இதனைச் சற்று விரித்துரைப்பேன். அக்காலத்து இலங்கைச் செயலிகள் சிலவற்றின் பாடம் பாமினி எழுத்துருவில் இருத்தல் கூடும். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கின்றன. எழுத்துரு நீங்கின் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் கோவை. அதனை யுனிகோடுக்கு மாற்றல் வேண்டும். மாற்றிய பின்னும் ஒரு கவனம் தேவை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. எழுத்தெண்ணும் விளையாட்டில் ஐந்தென்று விடை காட்டும் செயலி பிள்ளைக்கு இலக்கணத்தைப் பிழையாகக் கற்பிக்கும். இஃது அன்றும் இருந்த சிக்கல். எந்தப் புதுக்கருவி வந்தும், இலக்கணம் அறிந்தவரின் கண்ணுக்கு ஈண்டு வேலையுண்டு.

மலேசியாவின் முத்து நெடுமாறன் இயற்றிய செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டபோது, அது ஜாவாக் கைபேசிகளுக்கு உரியதாயிருந்தது. அவ்வகைக் கைபேசிகள் வழக்கொழிந்தன. செல்லினமோ 2009இல் ஐபோனுக்கும் 2012இல் அன்ட்ரொயிட்டுக்கும் வந்தது. பால் வெட்டிய பட்டை மீள வளர்ந்தபின் அதிலேயே மறுபடி வெட்டுவதை நம் கரவனெல்ல இறப்பர்த் தோட்டங்களில் அறியாதவர் யார்?

இன்னுமொன்று: பழைய கூகிள் கணக்கை எளிதில் விடற்க. 2023 நவம்பர் 13க்குப் பின் திறக்கப்பட்ட தனியாள் கணக்கினர், பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் இடையறாது சோதித்த பின்னரே செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். முன்பே திறந்த கணக்குக்கு இவ்விதி இல்லை. நெடுநாட் பயன்படாமையால் அது மூடப்பட்டிருப்பின், புதிய கணக்கின் கட்டணம் இருபத்தைந்து டொலர், ஒருமுறை மட்டும். சோதிப்போரைத் தேடி அலையவேண்டா. ஆசிரியர் அறையிலும் உயர்தர வகுப்பிலும் பன்னிரண்டு பேரைத் திரட்டுவது ஓர் இடைவேளையின் வேலை.