பாதம் மரத்துப் போனால்

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு தண்ணீர்மலை வரை நடந்து செல்வது எனக்கு நெடுநாள் வழக்கம். வழி நெடுகிலும் பக்தர்கள் தேங்காய் உடைப்பார்கள். துப்புரவுப் பணியாளர்கள் வந்து அள்ளுவதற்குள் சாலை முழுவதும் சிரட்டைச் சில்லாகக் கிடக்கும். பினாங்குவாசிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டு அப்படி நடந்துவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் மாலை என் பேத்தி, "தாத்தா, தரையெல்லாம் குங்குமம் சிந்தியிருக்கு" என்றாள். அது குங்குமம் அன்று. என் வலது பாதத்தில் விரல் நகமளவு சிரட்டைச் சில்லு ஏறியிருந்தது. ஒரு நாள் முழுவதும் அதை மிதித்துக்கொண்டே நடமாடியிருக்கிறேன், வலி இல்லை. முருகன் அருள் என்று வீட்டாரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

கிளினிக்கில் டாக்டர் என்னைக் கண்களை மூடச் சொன்னார். "பாதத்தில் ஏதாவது பட்டால் சொல்லுங்கள்" என்றார். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "எப்போது தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "பாதி முடிந்துவிட்டது ஐயா" என்றார். அவர் கையில் இருந்தது ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தம் கொடுத்தால் வளையும்படி செய்யப்பட்டது. நல்ல பாதம் அதை உணரும். என் பாதம் உணரவில்லை.

இனிப்பு நீர் எனும் நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், இரத்தத்தில் மிகும் சர்க்கரை நரம்புகளையும் அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே கேடு கால்விரல்களில் தொடங்கி, இரண்டு கால்களிலும் காலுறை போட்டதுபோல் மேலே ஏறும். முதலில் எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும், இரவில் எரிச்சலாகவும் இருக்கும். பஞ்சின் மேல் நடப்பதாகச் சிலர் சொல்வார்கள். பிறகு எல்லாம் அடங்கிவிடும். வலி நின்றது, நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்வது அப்போதுதான். உண்மையில் ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம்.

மரத்துப் போவதெல்லாம் நீரிழிவினால்தான் என்பதும் தவறு. வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி வரும். சைவ உணவுக்காரர்களும், மெட்ஃபோர்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுபவர்களும் இதைக் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. காலத்தோடு கண்டால் சரிசெய்யக் கூடியது. இடுப்பிலிருந்து ஒரே காலில் சுரீரென்று இறங்கும் வலி பெரும்பாலும் முதுகெலும்பு வட்டு நரம்பை அழுத்துவதால் வருவது. நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் துடிக்க வைத்தால் அது கௌட் வாதமாக இருக்கலாம். மதுப்பழக்கமும் நரம்பைக் கெடுக்கும். விருந்துகளில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

திடீரென்று வருவது வேறு. ஒரு கால் சட்டென்று வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்துப் போனால் அங்கே இரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் காலையே இழக்க நேரிடும். உடலின் ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். முதுகுவலியோடு இரு கால்களும் தளர்ந்து, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்து, சிறுநீர் போக முடியாவிட்டால் அதுவும் அவசரமே. இம்மூன்றுக்கும் உடனே 999ஐ அழையுங்கள்.

இனி நம் ஆலயத்துக்கு வருவோம். நண்பகல் வெயிலில் வெளிப்பிரகாரத்துச் சிமெண்ட் தரை என்ன சூடு சூடும் என்பது தெரிந்ததே. நல்ல பாதம் துள்ளி ஓடும். மரத்த பாதம் நிதானமாகப் பிரதட்சிணம் செய்யும். மாலையில் பார்த்தால் கொப்புளம். அத்தகையவர்கள் காலை வேளையில் வாருங்கள், அல்லது தடித்த காலுறை அணிந்து வலம் வாருங்கள். நிர்வாகக் குழுவில் இதற்கு மறுப்பு எழுந்தது உண்மைதான். பாதத்தை வெட்டி எடுக்கச் சொல்லி எந்தத் தெய்வமும் கேட்பதில்லை என்பது என் பதில். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு நடப்போரும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நலம்.

களைப்புத் தீர வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைப்பது நம் வீட்டுப் பழக்கம். உணர்ச்சியற்ற பாதத்துக்கு இது வேண்டவே வேண்டாம். பலர் இப்படித்தான் வெந்து போகிறார்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் வேண்டாம். இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், கண் மங்கியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிய பின் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சிலிப்பர் வீட்டுக்குள்ளும் வேண்டும். புண், சிவப்பு, வீக்கம், கருமை எது கண்டாலும் அன்றைக்கே கிளினிக்குக்குச் செல்லுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் நீரிழிவுக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதத்தைக் காட்டி அந்த நைலான் இழைப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம்.

என் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. 2025ஆம் ஆண்டு தைப்பூசத்தில் காலுறையும் காலணியும் அணிந்தே ரதத்தோடு நடந்தேன். "என்ன வாத்தியாரே, நீங்களே இப்படியா?" என்று பழைய நண்பர் ஒருவர் கேட்டார். ஓரமாக உட்கார்ந்து தழும்பைக் காட்டினேன். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். தம் கால் எப்போதாவது எரியும், இப்போது எரிவதில்லை என்றார். போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், இதுவரை போகவில்லை.