பாசன வேலைகளில் திட்ட நிர்வாகியின் கடமை

வருவாயின் அளவறிந்து செலவு செய்து, விதை நெல்லைத் தனியே கட்டி வைத்து, பழுதான கலப்பையை மழைக்கு முன்னரே செப்பனிட்டுக்கொள்ளும் குடும்பம் நிலைத்து வாழும். நாட்டின் பொருளாதாரமும் அத்தகையதே. ஒரு போகத்து லாபத்தை நாடி மண்ணையும் ஜலத்தையும் பாழாக்கும் நாடு, விதை நெல்லைக் குத்தித் தின்ற குடும்பத்தை ஒக்கும். அணை, கால்வாய், கண்மாய் முதலியவை தலைமுறை தலைமுறையாகப் பயன் தரக்கூடிய பொதுச் சொத்துக்கள். அவை நன்கு அமைந்து நெடுங்காலம் நிலைப்பின் குடிகளின் வாழ்வும் நிலைக்கும்.

இவ்வேலைகளுக்குப் பணம் வேண்டும், பொறியியல் அறிவு வேண்டும், ஆட்பலமும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் இம்மூன்றும் இருந்தும் வேலை கெட்டுப் போவதுண்டு. பணம் வரும் மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஆட்கள் கூடும் நாளில் சுண்ணாம்பு வந்து சேராது. கரை உயர்ந்த பின்னர் மடை பழுதென்று தெரியவரும். இவற்றையெல்லாம் முன்னதாக எண்ணி, ஒன்றோடொன்று இசைத்து, முடிவு வரை பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். அவரையே திட்ட நிர்வாகி என்று வழங்குகிறோம். அவருடைய கடமை எத்தகையது என்பதை மதுரைச் சீமையின் அனுபவத்தைக் கொண்டே இங்கு ஆராய்வோம்.

பெரியாற்று வேலை கற்பிக்கும் பாடம்

மேற்கே பாய்ந்து கடலிற் கலக்கும் பெரியாற்று ஜலத்தைக் கிழக்கே வைகைக்குத் திருப்ப வேண்டுமென்ற எண்ணம் பழமையானது. 1789-ல் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு முயன்றார். 1808-ல் காப்டன் கால்டுவெல் மலையைப் பார்வையிட்டு, இது ஆகாத காரியம் என்று எழுதினார். 1850-ல் சிறிய அளவில் வேலை தொடங்கப்பட்டது. மலைக்காட்டின் கொடிய காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்கள் அதிகக் கூலி கேட்கவே, அது கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம், நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய அப்பஞ்சம், சர்க்காரை மீண்டும் இவ்விஷயத்திற்கு இழுத்து வந்தது. 1882-க்குப் பின் பென்னிகுவிக் என்னும் இராணுவப் பொறியாளர் புதிய திட்டமும் மதிப்பீடும் வகுத்தார். 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது.

பென்னிகுவிக்கைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரையிலும் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றை விடுத்து, வேலை நடந்த முறையை மாத்திரம் நோக்குவோமாயின் நான்கு விஷயங்கள் புலப்படும்.

முதலாவது, மண்வெட்டி எடுக்குமுன் இடத்தின் உரிமை தீர்க்கப்பட்டது. அணை அமையும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1886 அக்டோபர் 29 அன்று உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய் வாடகைக்கு 999 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்டது.

இரண்டாவது, ஆட்கள். 1850-ல் வேலையைக் கெடுத்தது பாறையன்று. காய்ச்சலும் கூலித் தகராறுமே. 1887-க்குப் பிந்திய வேலையில் சென்னை ராணுவத்தின் பயனியர் படைப்பிரிவுகள் இரண்டு கொண்டுவரப்பட்டன. கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தனர். அப்படியிருந்தும் காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. வேலையின் பெருமையைப் பேசும்போது அங்கே மாண்டவர்களையும் நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, பருவம். மழைக்காலத்து வெள்ளம் தற்காலிக அணைகளைப் பலமுறை அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் ஆற்றின் போக்கை அறிந்து, வேலை செய்யத் தக்க மாதங்களைக் கணக்கிட்டு, மீண்டும் அடிப்படையிலிருந்து எழுப்ப நேர்ந்தது. கட்டுபொருள்களும் காலம் தவறாமல் மலையேற வேண்டியிருந்தமையால் அவற்றிற்கான வழிகளும் முன்னரே வகுக்கப்பட்டன.

நான்காவது, பயனடையும் வயல் வரையில் பொறுப்பு. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டப்பட்ட அணை ஆற்றுப் படுகையினின்று 155 அடி உயரமும் சுமார் 1,200 அடி நீளமும் உடையது. ஆயினும் அணை மட்டும் நின்றிருந்தால் ஒரு நாற்றுக்கூட நட்டிருக்க இயலாது. மலையைக் குடைந்து 5,704 அடிக்கு ஜலவழி செய்து, பேரணையிலே ஜலத்தைத் தடுத்து, அங்கிருந்து மேலூர் வரையில் கால்வாய் வெட்டிய பின்னரே அது பாசன வேலை ஆயிற்று. அதன்பின்னும் பொறுப்பு முடியவில்லை. 1979-ஆம் ஆண்டிலிருந்து அந்த அணைக்கு மேல்மூடிக் காங்கிரீட்டும், இரும்பு வடங்களாலான நங்கூரமும், பின்புறத்திலே தாங்கு சுவரும் அமைத்து வலுப்படுத்த நேர்ந்தது. கட்டினவர் போயினும் காப்பவர் தொடர்ந்து இருந்தமையாலேயே அணை இன்றும் பயன்படுகிறது.

கோச்சடையும் கண்மாய்களும்

1959-ல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர், பெரியாற்று ஜலமும் வைகை ஜலமும் அதிலே சேர்ந்து பேரணைக்கு வருகின்றன. பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் ஆற்றின் வடகரையிலே செல்கிறது. கோச்சடையோ மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையிலுள்ளது. ஆற்றுக்கால்களாலும் கண்மாய்களாலும் நெடுங்காலம் நெல் விளைந்த பகுதி இது. மாடக்குளம் கண்மாய் இதற்கு அணித்தேயுள்ளது. இன்று நகரம் மேற்கே பரந்து, நன்செய்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன.

இதனால் எழும் கேள்வி இலேசானதன்று. ஆயக்கட்டு முழுமையும் விளைந்த காலத்தில் கண்மாயைக் காப்பவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. குடிமராமத்து என்னும் வழக்கப்படி நிலச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பினர். நீர்பாய்ச்சி மடையைத் திறந்தடைத்துக் களத்திலே தன் பங்கு நெல்லைப் பெற்றார். ஆயக்கட்டு சுருங்கின், ஆளும் சுருங்கும், நெல்லும் சுருங்கும். வரத்துக்கால் குப்பையால் அடைபடும். கரையிலே சீமைக் கருவேலம் மண்டும். கண்மாய் வற்றினால் எஞ்சிய வயல்களோடு ஊர்க் கிணறுகளும் வற்றுமாதலின், மனை வாங்கிக் குடியேறியவரும் அந்நஷ்டத்திற்குத் தப்பார். பழைய காவலர் நீங்கிய இடத்தில் புதிய பொறுப்பாளரை அமைப்பதே இக்காலத்துக் காரியம்.

சர்க்காரும் இதற்கு வழி செய்திருக்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டம் 2000-ஆம் ஆண்டிலும், கண்மாய் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான சட்டம் 2007-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டன. 2017-ல் குடிமராமத்து என்ற பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகத் திட்டம், கண்மாய்தோறும் பாசனக்காரரைச் சங்கமாகச் சேர்த்து, வேலைச் செலவில் ஒரு பங்கை அவர்களிடமே பெற்று நடத்திவருகிறது. தம் கைப்பணம் சேர்ந்த வேலையைக் குடியானவர் கண்ணும் கருத்துமாகக் காப்பர் என்பதே அதன் கருத்து.

இலங்கையில் கண்ட பயன்

நிர்வாகி நல்லவராயின் பகையுங்கூட நீங்கும் என்பதற்குக் கல்லோயாப் பாசனம் சான்றாகும். கிழக்கு இலங்கையிலுள்ள இப்பாசனத்தின் இடதுகரையில் மேல்மடைக்காரர் சிங்களவர். கடைமடைக்காரருள் தமிழர் பலர். கால்வாய்கள் சிதைந்து, ஜலம் கடைமடைக்கு எட்டாதிருந்தது. 1981-ல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையத்தாரும் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையாரும் சேர்ந்து, முப்பதுக்கு மேற்பட்ட பட்டதாரி இளைஞர்களைக் குடியானவரிடையே வசிக்கும்படி அனுப்பினர். அவர்கள் உத்தரவு இடவில்லை. வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்டு, ஒவ்வொரு வயற்காலுக்கும் சிறு குழு அமைத்தனர். அவ்வாண்டு நீர்த்தேக்கத்தில் கால் பங்கு ஜலமே இருந்தது. அப்படியிருந்தும் மேல்மடைக்காரர் கால்வாயைத் தாமே வெட்டிச் செப்பனிட்டு, முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய ஜலத்தைக் கடைமடைக்கு விட்டனர். புதிய காங்கிரீட்டு எதுவும் இதனைச் செய்யவில்லை. ஆட்களைச் சேர்த்த முறையே செய்தது.

கிராமத்தில் செய்யத் தக்கவை

இவற்றினின்று நம் கண்மாய் வேலைக்குக் கொள்ளத் தக்க விதிகள் பின்வருமாறு:

1. பொறுப்பு ஒருவரிடம் இருத்தல். சங்கத்தார் பலர் கூடி முடிவு செய்யலாம்; நிறைவேற்றுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். எல்லாரும் பொறுப்பென்றால் எவரும் பொறுப்பல்லர். அவருக்கு உரிமையும், வரையறுத்த காலமும் எழுத்திலே கொடுக்க வேண்டும்.

2. எல்லையை அளந்து தீர்த்தல். வேலைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு, புலப்படத்தோடு ஒப்பிட்டு, கண்மாய், வரத்துக்கால், கலுங்கு ஆகியவற்றின் எல்லைக்கல் நாட்டுதல் அவசியம். கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-ல் நீங்கினும், அவர்கள் காத்த கணக்குகள் இன்றைய அலுவலர் கையிலுள்ளன. அவருடைய ஒத்துழைப்பின்றி இவ்வேலை வழக்கிலேயே முடியும்.

3. வேலையின் வரிசை. ஜலம் வரும் வழியையே முதலில் திருத்துக. பிறகு மடை, கலுங்கு, கரை. வண்டல் எடுப்பது கடைசியில். நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஓரடி வண்டல் படியின் 43,56,000 கன அடி ஜலம் நிற்கும் இடம் போகும். ஒரு நெற்பயிருக்கு நான்கு அடி ஆழ ஜலம் வேண்டுமெனக் கொண்டால், அது இருபத்தைந்து ஏக்கர் பயிருக்குச் சமானம். ஆயினும் வரத்துக்கால் அடைபட்டிருக்கையில் வண்டலை அள்ளுவது, வாராத விருந்திற்கு இலை போடுவதாகும். கரையடியிலே குழி பறிப்பது கரையையே வலுவிழக்கச் செய்யும். அள்ளிய வண்டலை வயலுக்கு இடுவது மண்ணுக்கும் நன்று.

4. பருவ அட்டவணை. அறுவடை முடிந்து, பங்குனி முதல் வைகாசி வரையிலான மாதங்களே தகுந்தவை. பங்குனியில் மண்வெட்ட வேண்டுமாயின், மதிப்பீடும் அனுமதியும் தை மாதத்திற்குள் முடிந்திருத்தல் வேண்டும். ஐப்பசி மழை எவருடைய கோப்புக்காகவும் காத்திராது.

5. கணக்கும் அளவும். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, வாரந்தோறும் வரவு செலவைச் சாவடியிலே படித்துக்காட்டுக. சந்தேகம் எழுந்த பின் காட்டும் கணக்கை விட, எழுமுன் காட்டும் கணக்கு மதிப்புடையது.

6. ஒப்படைப்பு. வேலை முடிந்த நாள் நிர்வாகியின் கடமை முடியும் நாளன்று. மடைச் சாவி யாரிடம், நீர்பாய்ச்சிக்கு ஊதியம் எவ்வளவு, ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஏக்கருக்கு எத்தனை ரூபாய், வீட்டுக்காரர் பங்கு யாது என்பவை எழுதி, கையொப்பமாகி, முதல் ஆண்டின் மழையையும் பார்த்த பின்னரே அவர் விலகலாம்.

நிர்வாகிக்குப் பெரும் படிப்பு அவசியமன்று. ஊராரின் நம்பிக்கையும், சொன்ன நாளைக் காக்கும் குணமும், கடைமடைக்காரன் சொல்லையும் செவிகொடுத்துக் கேட்கும் பொறுமையும் போதும். அத்தகையவர் ஊருக்கு ஒருவரேனும் இருப்பர். மிராசுதார்களும் கிராம அலுவலர்களும் வருகிற தை மாதத்திற்குள் ஒரு நாள் கூடி, அவரைத் தேர்ந்து, கண்மாயின் பொறுப்பை அவர் கையில் ஒப்புவிப்பார்களாக. எஞ்சியுள்ள நன்செய் நன்செய்யாகவே நிலைப்பதும், மனையாகிப் போவதும் அந்த ஒரு தேர்வைப் பெரிதும் பொறுத்தனவாம்.