உங்க பேர்ல ஒரு பாஸ்புக்!

ஸ்காலர்ஷிப் வரணுமா? கேம்பஸ்ல செலக்ட் ஆகி முதல் சம்பளம் வாங்கணுமா? எல்லாத்துக்கும் முதல் கேள்வி, 'அக்கவுன்ட் நம்பர் என்ன?'தான். அப்பா அக்கவுன்ட்டைச் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவீங்க? கிளம்புங்க பேங்குக்கு!

என்னென்ன வேணும்?

ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ்... இதுல ஒண்ணு. காலேஜ் ஐ.டி. கார்டை மட்டும் நீட்டினா வேலைக்கு ஆகாது. கூடவே பான் கார்டு. பான் இல்லையா? அதுக்குப் பதிலா ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கு, கேட்டு வாங்குங்க. அப்புறம் ரெண்டு போட்டோ, ஒரு பேனா. (கவுன்ட்டர்ல நூல் கட்டித் தொங்குற பேனாவை நம்பாதீங்க பாஸ்!)

ஒரு விஷயம். அரசு ஸ்காலர்ஷிப் பலவும் ஆதார் இணைச்ச அக்கவுன்ட்டுக்குத்தான் வரும். ரெண்டு பேங்க்ல அக்கவுன்ட் இருந்தா, கடைசியா எதுல 'சீடிங்' பண்ணீங்களோ அங்கேதான் பணம் போய்ச் சேரும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துட்டு 'பணமே வரலை'ன்னு புலம்பக் கூடாது!

மினிமம் பேலன்ஸ் பூச்சாண்டி

'மாசா மாசம் இவ்வளவு வெச்சிருக்கணும்'னு சொன்னா பயந்துடாதீங்க. 'அடிப்படை சேமிப்புக் கணக்கு'ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. மினிமம் பேலன்ஸே தேவையில்லாத இந்தக் கணக்கை எல்லா பேங்குகளும் தரணும்னு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிடுச்சு. ஒரு கண்டிஷன், அதே பேங்க்ல வேற சேமிப்புக் கணக்கு வெச்சுக்க முடியாது. சாதாரணக் கணக்குக்கே இந்த அபராதத்தை ஸ்டேட் பேங்க் 2020-லயும், இந்தியன் வங்கி 2025-லயும் நீக்கிட்டாங்க. மத்த பேங்க்னா ஃபாரத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

நாமினி கட்டத்தைக் காலியா விடாதீங்க. 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரைக்கும் போடலாம்.

வாடகைக்கு விடாதீங்க!

இதுதான் மெயின் மேட்டர். 'மச்சி, உன் அக்கவுன்ட்ல கொஞ்சம் பணம் வரும். எடுத்துக் கொடு, கமிஷன் தர்றேன்'னு யாராவது வந்தா உஷார்! ஆன்லைன்ல ஏமாத்தின பணத்தைக் கைமாத்தத்தான் ஸ்டூடன்ட்ஸ் அக்கவுன்ட்டைத் தேடுறாங்க. இதுக்கு 'மியூல் அக்கவுன்ட்'னு பேரு. மியூல்னா கோவேறு கழுதை. யாரோட மூட்டைன்னே தெரியாம சுமக்கிறது!

பணம் போன பாதையைப் பிடிச்சு போலீஸ் வந்தா, அவங்க கையில முதல்ல சிக்குறது உங்க பேரும் போட்டோவும்தான். அக்கவுன்ட் முடங்கும், கேஸ் வரும். கமிஷன் கொடுத்தவன் போனை ஆஃப் பண்ணிட்டுப் போயிருப்பான். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்க.

ஹாஸ்டல்ல பக்கெட்டை இரவல் கொடுங்க, அயர்ன் பாக்ஸைக் கொடுங்க. ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர், சிம் இதெல்லாம் மட்டும் ரூம்மேட்டுக்கும் நோ! தெரியாத பணம் வந்து விழுந்தா செலவு பண்ணாம, பேங்க்ல எழுத்துப்பூர்வமா சொல்லுங்க. உங்க பணம் மோசடியில போனா உடனே 1930-க்கு போன் போடுங்க.

அக்கவுன்ட்டை அப்படியே மறந்தும் போயிடாதீங்க. ரெண்டு வருஷம் நீங்க எதுவும் போடாம, எடுக்காம இருந்தா 'செயல்படாத கணக்கு' ஆயிடும். அப்புறம் மறுபடியும் ஆதாரைத் தூக்கிட்டு அலையணும்.

சரி, போட்டோ ரெடியா? டோக்கன் போடுங்க!